இல்லை என்ற பதில்

எங்கள் ஆரணியில் தறி முதலாளி ஒருவர் இருக்கிறார். காலையில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பது என் வழக்கம். சென்ற மாதம் கூலி நாளன்று, பட்டுப்புடவை நெய்து கொடுத்த கிழவி ஒருத்தி வந்தாள். நோட்டுக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த முதலாளியின் மகன் அவள் பெயரைத் தட்டிப் பார்த்தான்.

"உன் பேரு இதுல இல்லியே, ஆயா!"

"இருபது வருஷமா நெய்யறேன். இல்லேன்னா எப்படிப்பா?" என்றாள் கிழவி. சண்டை போடவில்லை. அவளை நன்றாகத் தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை. இயந்திரம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பிவிட்டேன்.

கால்மணி நேரம் கழித்துப் பையன் தலையில் அடித்துக்கொண்டான். "தப்பு என்னோடது, மாமா!" என்று விளக்கினான்.

பைத்தான் மொழியில் 'இன்' என்று ஒரு சொல். ஒன்று இருக்கிறதா, இல்லையா என்று கேட்பதற்கு. பெயர்கள் 'லிஸ்ட்' ஆக வரிசையில் நின்றால், இயந்திரம் முதல் ஆளிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போகும். இல்லை என்று சொல்ல, கடைசி ஆள் வரை பார்த்தாக வேண்டும். 'டிக்ஷனரி' வேறு மாதிரி. கேட்ட சாவியை வைத்தே அது இருக்கவேண்டிய இடத்தைக் கணக்கிட்டு அங்கே போய்ப் பார்க்கும். பத்துப் பேரானாலும் லட்சம் பேரானாலும் ஏறக்குறைய ஒரே நேரந்தான்.

இந்த யுக்தியை 1953-ல் ஐ.பி.எம். கம்பெனியில் எழுதி வைத்தவர் ஹான்ஸ் பீட்டர் லூன். அதற்கு முன்பே துணியின் இழைகளை எண்ண ஒரு கருவி செய்தவர் அவர். கேட்டதும், நம் தெருக்காரர்போல் தோன்றியது எனக்கு.

ஆனால் டிக்ஷனரியிடம் 'இன்' என்று கேட்டால் அது சாவிகளை மட்டுமே பார்க்கும். சாவிக்கு உள்ளே இருப்பதைப் பார்க்காது. பையன் தறி எண்ணைச் சாவியாக்கி, பெயரை உள்ளே வைத்திருந்தான். பெயரைக் கேட்டதும் 'ஃபால்ஸ்' என்று வந்துவிட்டது. 'வேல்யூஸ்' என்று சேர்த்துக் கேட்டபோதுதான், லிஸ்ட்டைப்போல ஒவ்வொன்றாகத் தேடி, கிழவி இருக்கிறாள் என்று ஒப்புக்கொண்டது.

இயந்திரம் பொய் சொல்லவில்லை. பார்த்த இடத்தில் இல்லை என்றது. நாங்கள்தான் எங்குமே இல்லை என்று எடுத்துக்கொண்டோம்.

"தறி நம்பரைச் சொல்லியிருந்தா அப்பவே கெடைச்சிருக்கும், ஆயா" என்று பணத்தை நீட்டினான் பையன்.

"நீ எம் பேரைத்தானே கேட்ட?" என்றாள் கிழவி, நோட்டுகளை எண்ணிக்கொண்டே. என் பக்கம் திரும்பவே இல்லை.