கூட்டத்தின் காலமறிதல்

ஒரு நகரைக் காணச் செல்வோர் இடத்தை ஆராயுமளவு காலத்தை ஆராய்வதில்லை. எங்குத் தங்குவது, எங்கு உண்பது, எவ்வெவற்றைப் பார்ப்பது என்பனவற்றைப் பலரிடம் வினவித் தெளியும் அவர், அந்நகரிற் பிறர் எப்பொழுது நெருங்குவர் என்னும் ஒன்றை மட்டும் வினவாது விடுகின்றனர். நெருக்கம் இடத்தின் இயல்பன்று, காலத்தின் இயல்பேயாம். ஒரே மண்டபம் முற்பகலிற் கால்வைக்க இடமின்றியும், வைகறையில் நம் காலடியோசை நமக்கே கேட்குமாறும் இருத்தலை யாவரும் அறிவர். அறிந்தும், பயணத்தை வகுக்குங்கால் அவ்வறிவைக் கருவியாகக் கொள்வார் சிலரே. அங்ஙனங்கொண்டு யான் இருநாள் மதுரை சென்றுவந்த வகையை, முதியோரை உடனழைத்துச் செல்லும் அன்பர்க்குப் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதலுற்றேன்.

என் தமக்கையார்க்கு அகவை 76. முழங்கால் நோயால் நெடும்பொழுது நிற்கமாட்டார். மணமான ஆண்டில், சித்திரைப் பெருவிழாவின்போது புக்ககத்தாருடன் மதுரைக்குச் சென்ற அவர், கூட்டம் தள்ளிய வழியே சென்று, வெளியே வந்த பின்னரே அம்மையின் சந்நிதியைக் கடந்துவிட்டதாக உணர்ந்தாராம். "மதுரைக்குப் போனேன், மீனாட்சியைப் பார்க்கவில்லை" என்று அதனை 60 ஆண்டுகளாக நகைத்துக்கொண்டே சொல்லிவந்தவர், அண்மையிற் கண் மருத்துவர் ஒரு கண்ணின் ஒளி மீளாதென்றும் மற்றையதும் மங்கிவருகின்றதென்றும் கூறியபின் நகைப்பதை விட்டார். "ஒரு தடவை நின்று பார்த்துவிட்டால் போதும் தம்பி" என்றார். நிற்கமாட்டாதவர் நின்று காணல் வேண்டும்; அதுவும் கண்ணொளி உள்ளபொழுதே காணல் வேண்டும். இதுவே யான் தீர்க்கவேண்டியதாயிருந்த கணக்கு.

நெரிசல் என்பது சிறு இடையூறு மட்டுமன்று. 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் கொள்ளைநோய் காரணமாகச் சித்திரை விழா வழக்கம்போல் மக்கட் கூட்டத்துடன் நடைபெறவில்லை. 2022 ஆம் ஆண்டு ஏப்பிரல் 16 ஆம் நாள் அழகர் வைகையில் எழுந்தருளியபோது, ஈராண்டு அடங்கியிருந்த ஆர்வம் ஒருங்கே பெருகிற்று. அந்நெரிசலில் இருவர் உயிர் நீத்தனர். உடல்வலியற்றாரை அத்தகைய நாளில் அழைத்துச் செல்லுதல் அன்பாகாது.

ஆதலின் மூன்று ஏடுகளை முன்வைத்துக்கொண்டு அமர்ந்தேன். முதலாவது பஞ்சாங்கம். சித்திரையிற் பன்னிரு நாட்பெருவிழா, ஆவணியில் மூலத்திருவிழா, புரட்டாசியில் நவராத்திரி, கார்த்திகை மார்கழிகளில் மலைக்கு மாலையிட்டோர் வரும் வழியில் மதுரையிலும் நிறைவர், தை பிறந்தவுடன் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களின் ஏறுதழுவலுக்கென வருவோர் விடுதிகளை நிரப்புவர், அத்திங்கள் நிறைமதியிலே தெப்பத்திருவிழா. இவற்றையெல்லாம் நீக்கினேன். எஞ்சிய நாட்களுள் வெள்ளிக்கிழமை, பிரதோடம், கார்த்திகை, நிறைமதி, திருமண முகூர்த்த நாட்கள் என்பனவற்றையும் கோடிட்டு விலக்கினேன். முகூர்த்த நாளைக் கோயிலுக்குச் செல்வோர் பலர் நோக்குவதில்லை. மணமக்களும் சுற்றத்தாரும் நிறையும் அந்நாளில் விடுதியறையும் அரிது, ஊர்தியும் அரிது.

இரண்டாவது, என் பெயர்த்தியின் பள்ளி நாட்குறிப்பு. காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளிற் குடும்பங்கள் திரளாகப் புறப்படும். பள்ளி திறந்தவுடன் அத்திரள் வடியும். மூன்றாவது, புகைவண்டிக் கால அட்டவணை. 2024 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் நாள் முதல், முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே தொடங்குகின்றது. அதற்குமுன் 120 நாட்களாக இருந்தது. ஆகவே நாளை முடிவுசெய்து, அறுபதாம் நாட் காலையிலேயே இருக்கைகளைப் பதிவு செய்வித்தேன்.

இங்ஙனம் கழித்துக் கழித்து நின்றவை, ஆனித்திங்களில் ஊஞ்சல் விழாவிற்குப் புறம்பான ஒரு புதனும் வியாழனுமாம். ஆனியில் மதுரை வெயில் கொடிது. குளிர்ந்த திங்களைக் கூட்டத்திற்கு விட்டு, வெயிலை ஏற்று அமைதியைப் பெற்றோம். விலையின்றி எதுவும் வாராது.

செவ்வாய்க்கிழமை பிற்பகலிற் கும்பகோணத்தில் வண்டியேறி இரவு மதுரை சேர்ந்து, நிலையத்திற்கு அணித்தான மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கினோம். கோயிலுள் அலைபேசி கொண்டுசெல்ல ஒட்டார். அதனைக் கொடுத்து வைக்கவும் மீட்கவும் இருமுறை வரிசையில் நிற்றல் வேண்டுமாதலின், விடுதியிலேயே வைத்துவிட்டோம். சித்திரை வீதிகளில் ஊர்திகள் செல்லா. அவற்றின் எல்லைவரை ஆட்டோவிற் சென்று, எஞ்சியதை மெல்ல நடந்து, விடியுமுன் அம்மன் சந்நிதி வாயிலையடைந்தோம். முன்னே நின்றவர் பதின்மருக்கு மேலிரார்.

தமக்கையார் தூணைப் பற்றிக்கொண்டு வேண்டுமளவு நின்றார். எவரும் நகருமாறு கூறவில்லை. தீபம் காட்டப்பெற்றபொழுது ஒரு கையாற் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மீளவும் அணிந்து பார்த்தார். "மூக்குத்தி தெரிகிறது" என்றார். வேறொன்றுஞ் சொல்லவில்லை. சுவாமி சந்நிதியையும் தொழுதபின் பொற்றாமரைக் குளப்படியில் வெயிலேறும்வரை அமர்ந்திருந்தோம். யாம் எழுந்த வேளையிற் சுற்றுலா வண்டிகளில் வந்தோர் வரிசை வரிசையாக உள்ளே வரத் தொடங்கினர்.

அதன்பின்னர் மேற்கொண்ட நெறி ஒன்றே: பலர் செல்லும்வேளையிற் பலர் செல்லாத இடத்திற்குச் செல்லுதல். 1636 ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற திருமலை நாயக்கர் அரண்மனைக்குக் கதவு திறக்கும் 9 மணிக்கே சென்றோம். பழைய அரண்மனையில் எஞ்சியது காற்பங்கேயென்பர். அதன் பெருந்தூண்களை மறைப்பாரின்றிக் கண்டோம். முற்பகல் முற்றியபின், பாண்டித்துரைத் தேவர் 1901 ஆம் ஆண்டில் நிறுவிய தமிழ்ச்சங்கத்தை நாடினேன். சுற்றுலாவினர் எவரும் ஆண்டு வாரார்; தமிழ் பயின்ற எனக்கோ அது தவிர்க்கலாகாத இடம். நண்பகலிற் கோயில் நடை சாத்தப்பெறும். அப்பொழுது வெயிலில் அலையாது உறங்கினோம். மறுநாட் காலை வைகைக்கரைத் திருவேடகமும், நகரினுள்ளேயே செல்லூரிலுள்ள திருஆப்பனூரும் சென்றோம். இரண்டும் பாடல்பெற்ற தலங்கள். இரண்டிலும் அர்ச்சகரையும் ஓரிருவரையுமன்றி யாருமிலர்.

திருப்பரங்குன்றத்தையும் அழகர்மலையையும் இம்முறை விட்டோம். இருநாளில் யாவும் காணவேண்டுமென்பார் ஒன்றையும் காணார். எது காணாது திரும்பின் நெஞ்சு வருந்துமோ, அதற்கு நாளின் நல்ல வேளையைத் தந்து, ஏனையவற்றை விடத் துணிதலே திட்டத்தின் முதற்படி.

எனினும் புதன் மாலையிலே தமக்கையார் ஒன்று கூறினார். "காலையில் நன்றாகப் பார்த்தேன் தம்பி. ஆனால் ஆளில்லாத நேரத்தில் போய்த் தனியாகப் பார்த்துவிட்டு வந்தது போலிருக்கிறது. நாலு பேர் அம்மா என்று கூப்பிடுகிற சத்தத்தையும் கேட்க வேண்டும்" என்றார். "கால் வலிக்குமே அக்கா" என்றேன். "ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்" என்றார். ஆதலின் இரவு பள்ளியறை வழிபாட்டிற்கு முன்னரே சென்று, பெருமானின் திருவடிகள் பல்லக்கில் அம்மை சந்நிதிக்கு எழுந்தருளும் வழியில், ஒரு தூணடியில் அவரை அமர்த்தினேன். கூட்டம் மிகுதிதான். பல்லக்கு வந்தபொழுது எழுந்து நின்றோர் முதுகுகளையன்றி அவர் ஒன்றையுங் கண்டிரார். ஆயினும் கைகூப்பியவாறே இருந்தார்; முகம் மலர்ந்திருந்தது.

அதனைக் கண்டபின் யான் தெளிந்தது, கூட்டத்தை விலக்குதல் கூட்டத்தை இகழ்தல் அன்று என்பதாம். நமக்குப் பின்னிற்பவர்க்கு நாமும் கூட்டமே. நாட்கூலி பெறுவார்க்கும், அலுவலிற் கட்டுண்டார்க்கும் ஞாயிற்றுக்கிழமையும் திருவிழா விடுமுறையுமன்றி வேறு நாளில்லை. எம்மனோர் போன்று பணியினின்றும் ஓய்ந்தவர்க்கோ எல்லாக் கிழமையும் ஒன்றே. அங்ஙனமாகவும் யாம் ஞாயிறன்றே சென்று வரிசையில் நிற்போமாயின், வேறு நாளில்லாதார் ஒருவரது இடத்தைக் கொண்டவராவோம். புதன்கிழமை வைகறையை நாடுதல் நம் நலத்தின்பொருட்டு மட்டுமன்று. ஞாயிறு வருவார்க்கு ஓரடி இடம் விடுதலுமாம்.