கணக்கு நோட்டு கைமாறிய வழி

“தம்பி, இதைப் போட்டா என் மெசேஜ் எல்லாம் உனக்குத் தெரியுமா?”

மண்ணூர்பேட்டையில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் தனியாளாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். வீட்டு வரவு செலவு எழுத ஒரு சின்ன ஆப் செய்து விற்கிறேன். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்துக்காரர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர்கள், எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறவர்கள், சி.டி.எச். ரோட்டோரம் கடை போட்டிருப்பவர்கள். 1964-இல் எஸ்டேட் வந்ததிலிருந்து இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் மாதம் சம்பளத் தேதியில் தொடங்கி வாடகை, சீட்டு, ஸ்கூல் ஃபீஸ் என்று தேதி தேதியாக நகர்கிறது. ஓ.டி. கிடைத்த மாதம் ஒரு கணக்கு, கிடைக்காத மாதம் வேறு கணக்கு. பணத்தை எண்ணிச் செலவழிக்க இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு டர்னர். “இல்லண்ணா, என் ஆப் மெசேஜ் பக்கமே போகாது. நீங்களே கையால எழுதணும்” என்றேன். “எல்லாரும் அப்படித்தாம்பா சொல்றாங்க” என்றார். அதில் கோபம் இல்லை. பட்டறிந்தவரின் பேச்சு அது. வேறு சிலரும் வேறு விதமாகக் கேட்டார்கள். “காசே வாங்காம சும்மா தர்ற ஆப் இருக்கே, அவனுக்கு எப்படிக் கட்டுப்படியாகுது?” “நாளைக்கு நீ இதை விட்டுட்டுப் போயிட்டா என் கணக்கு என்ன ஆகும்?” சமையலறை அலமாரியில் கிடக்கும் நோட்டைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. இந்தச் சந்தேகங்கள் எங்கே பிறந்தன என்று தெரிந்துகொள்ளாமல் சமாதானம் சொல்லிப் பயனில்லை என்று பட்டது. தேட ஆரம்பித்தேன்.

முதல் தடயம் பக்கத்திலேயே இருந்தது. 2020 ஊரடங்கில் வேலை நின்றபோது, உடனடிக் கடன் ஆப்கள் வீடு வீடாக நுழைந்தன. சில ஆயிரம் ரூபாய், ஒரு வாரத் தவணை, ஆதார் படம் ஒன்று போதும். தவணை தப்பியதும் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அழைப்பு போனது. மாமனாருக்கு, முதலாளிக்கு, பிள்ளையின் டீச்சருக்கு. 2021 ஜனவரி தொடக்கத்தில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு பெங்களூரு வரை போய், சீன நாட்டவர் இருவர் உள்பட சிலரைக் கைது செய்தது. அதே மாதம் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடன் பற்றி ஆராயக் குழு அமைத்தது. 2022 செப்டம்பரில் விதி வந்தது: கடன் ஆப்கள் போனில் உள்ள தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள், கோப்புகள், படங்கள் ஆகியவற்றைத் தொடக்கூடாது. 2023-இல் கூகுளும் தன் ப்ளே ஸ்டோரில் கடன் ஆப்களுக்கு இதே போன்ற தடையைப் போட்டது.

கடன் ஆப் மீது வந்த பயம் கணக்கு ஆப் மீது எப்படிப் படிந்தது? அதற்கு வங்கி மெசேஜின் பிறப்பைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

2009 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கார்டை நேரில் தேய்க்காமல் 5,000 ரூபாயும் அதற்கு மேலும் செலவானால் வாடிக்கையாளருக்கு உடனே தகவல் போக வேண்டும் என்றது. 2011 மார்ச்சில் அந்த வரம்பையும் எடுத்துவிட்டது. தொகை எவ்வளவாக இருந்தாலும், எந்தவிதக் கார்டுப் பரிமாற்றமாக இருந்தாலும் தகவல் அனுப்பியே ஆக வேண்டும். நோக்கம் நல்லது. திருட்டு நடந்தால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு. ஆனால் அன்றிலிருந்து நாம் கேட்காமலேயே நம் செலவுக் கணக்கு ஒன்று போனில் தானாக எழுதப்பட ஆரம்பித்தது.

என் போனில் அப்படி ஒரு மெசேஜைத் திறந்து வைத்துக்கொண்டு, மென்பொருள் எழுதுகிறவன் கண்ணால் பார்த்தேன். மேலே அனுப்பியவர் பெயர்: இரண்டு எழுத்து, ஒரு கோடு, அப்புறம் வங்கியின் பெயர்ச் சுருக்கம். முதல் இரண்டு எழுத்து எந்த நெட்வொர்க், எந்த வட்டாரம் என்று சொல்லும். உள்ளே கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், தொகை, டெபிட்டா கிரெடிட்டா, தேதி, கடையின் பெயர், மீதி இருப்பு. எல்லாம் அச்சு வார்த்தது போல் அதே இடத்தில் வரும். இதைப் பிரித்தெடுக்கச் சில வரி நிரல் போதும். இப்படி ஆறு மாத மெசேஜ் கையில் கிடைத்தால், அந்த மனிதருக்குச் சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, எந்தத் தேதியில் தீர்கிறது, எந்தத் தவணை தப்பியது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார் என்பதெல்லாம் வெளிச்சமாகிவிடும். கூடப் பிறந்தவர்களிடம்கூட நாம் இத்தனை சொல்வதில்லை.

இந்த மெசேஜ்களைப் படித்துத் தானாகவே கணக்கு எழுதும் ஆப்களில் இந்தியாவில் பெயர் பெற்றது வால்நட். 2014-இல் தொடங்கியது. கையால் ஒன்றும் எழுத வேண்டாம் என்பதால் பலருக்குப் பிடித்துப்போனது. 2018-இல் கேப்பிட்டல் ஃப்ளோட் என்ற கடன் வழங்கும் நிறுவனம் அதை வாங்கியது. பிறகு அந்த நிறுவனம் ஆக்ஸியோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதை அமேசான் வாங்கியது. இதில் சட்டத்துக்குப் புறம்பானது எதுவும் இல்லை. ஆனால் கணக்கு எழுதித் தருகிறவரும் கடன் கொடுக்கிறவரும் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டார்கள். கடன் கொடுக்கிறவருக்கு, வாங்க வருகிறவரின் வரவு செலவைவிட மதிப்பான தகவல் வேறு கிடையாது. மெசேஜ் படிக்கும் அனுமதியைக் கூகுள் 2018 அக்டோபரில் இறுக்கியபோதும், பண நிர்வாக ஆப்களுக்கு விண்ணப்பித்துப் பெறும் விதிவிலக்கு ஒன்றை வைத்தது. டர்னர் அண்ணன் கேட்ட கேள்வியின் வேர் இங்கே இருக்கிறது. அவர் கேட்டதில் நியாயம் முழுக்க இருக்கிறது.

அடுத்தது, சும்மா தருகிற ஆப். அதன் தடம் அமெரிக்காவுக்குப் போகிறது. ஆரன் பாட்ஸர் என்பவர் 2007 செப்டம்பரில் மின்ட் என்ற சேவையைத் தொடங்கினார். எல்லா வங்கிக் கணக்குகளையும் ஓரிடத்தில் இணைத்துக் காட்டும். பயனரிடம் ஒரு காசு வாங்காது. உங்கள் செலவைப் பார்த்து, “இந்தக் கிரெடிட் கார்டு உங்களுக்கு லாபம்” என்று சிபாரிசு செய்யும். நீங்கள் அதை எடுத்தால் அந்தக் கம்பெனி மின்ட்டுக்குப் பணம் தரும். இரண்டே வருடத்தில் இன்ட்யூட் நிறுவனம் 17 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2024 மார்ச்சில் மூடியும் விட்டது. பயனர்களை இன்ட்யூட்டின் இன்னொரு சேவையான கிரெடிட் கர்மாவுக்குப் போகச் சொன்னார்கள். பதினாறு வருடக் கணக்கை அங்கே வைத்திருந்தவர்களுக்கு, தங்கள் நோட்டு தங்கள் கையில் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

என்னைப் போன்ற தனியாட்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஜெஸ்ஸி மீக்கம் என்ற கணக்கியல் மாணவர், புதிதாகக் கல்யாணம் ஆனவர், வீட்டுச் செலவைச் சமாளிக்க எக்ஸெல் தாளில் ஒரு முறையை அமைத்துக்கொண்டார். கையில் இருக்கும் பணத்துக்கு மட்டும் திட்டம் போடு, வரப்போகிற பணத்துக்குப் போடாதே என்பது அதன் அடிப்படை. வாடகைக்கு உதவட்டும் என்று 2004-இல் அதை விற்க ஆரம்பித்தார். அதுதான் ‘யூ நீட் எ பட்ஜெட்’ ஆனது. பல வருடம், ஒருமுறை பணம் கொடுத்து வாங்கினால் போதும் என்றிருந்தது. 2015 டிசம்பர் கடைசியில் ஆண்டுச் சந்தாவுக்கு மாறியது: 50 டாலர். பழைய வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். 2019-இல் பழைய பதிப்புக்கான ஆதரவு நின்றது. 2024-இல் சந்தா 109 டாலர் ஆனது. சர்வர், ஊழியர், வங்கி இணைப்பு எல்லாவற்றுக்கும் மாதாமாதம் செலவு உண்டு என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் சிக்கனம் பழக வந்தவரிடம், உன் பழைய கணக்கைப் பார்க்கவே வருடா வருடம் பணம் கட்டு என்றால் அவருக்கு வலிக்கும். அந்த வலியையும் நான் புரிந்துகொள்கிறேன்.

இந்தத் தேடலில் என் மனதில் நின்றவர் ஜேம்ஸ் லாங். ப்ரிட்டியர் என்ற கருவியை உருவாக்கி மென்பொருள்காரர்களிடையே பெயர் பெற்றவர். அவர் தனியாளாக ‘ஆக்சுவல்’ என்ற பட்ஜெட் ஆப்பை எழுதினார். கணக்கு முழுவதும் பயனரின் கருவியிலேயே இருக்கும். இரண்டு கருவிகளை ஒத்துப்போக வைக்க மட்டும் சர்வர். அந்தச் சேவைக்கு மாதச் சந்தா வாங்கினார். தொடர்ந்து நடத்த அவரால் நேரம் ஒதுக்க முடியாமல் போனபோது, 2022 ஏப்ரலில் முழு நிரலையும் இலவச உரிமத்தில் பொதுவில் வைத்துவிட்டார். சேவை நின்றது, ஆப் நிற்கவில்லை. இன்று தன்னார்வலர்கள் அதை வளர்க்கிறார்கள். கணக்கு ஏற்கெனவே பயனர் கையில் இருந்ததால்தான் இது சாத்தியமானது. “நீ விட்டுட்டுப் போயிட்டா?” என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நாணயமான பதில் இல்லை.

இன்னும் பின்னால் போனால் சந்தேகமே இல்லாத காலம் வருகிறது. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904-இல் குடும்பங்களுக்கான கணக்கு ஏடு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். அச்சிட்டவருக்கு அதில் யார் என்ன எழுதினார்கள் என்று தெரியாது; தெரிய வழியும் இல்லை. நம் பக்கத்தில் டேலியின் கதையும் அப்படித்தான். மில்களுக்கு உதிரிபாகமும் மூலப்பொருளும் சப்ளை செய்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் வியாபாரக் கணக்குக்குத் தோதான மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பாரத்தை எழுதச் சொன்னார். 1986-இல் பெங்களூரில் அப்படிப் பிறந்தது டேலி. ஒவ்வொரு கணக்குத் தலைப்புக்கும் எண் குறியீடு வைத்து மனப்பாடம் செய்யும் தொல்லை இல்லாமல், பெயரைச் சொல்லியே கணக்கு எழுத முடிந்தது அதன் பெரிய பலம். முதல் வாடிக்கையாளர் வீட்டிலேயே இருந்தார். கணக்கும் அவருடைய கம்ப்யூட்டரிலேயே இருந்தது.

ஆக, கோளாறு எங்கே நுழைந்தது என்பது எனக்குத் தெளிவானது. கணக்கு எழுதுகிற வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டபோது ஒரு குறையும் வரவில்லை. கணக்கை வைத்திருக்கிற இடம் வாடிக்கையாளர் வீட்டிலிருந்து விற்பவர் சர்வருக்கு மாறியபோதுதான் எல்லாச் சந்தேகமும் சேர்ந்து வந்தது.

தானாக எழுதும் வசதிக்கும் இப்போது ஓட்டை விழுந்திருக்கிறது. 2024 ஜூன் 25 முதல் எச்.டி.எஃப்.சி. வங்கி, 100 ரூபாய்க்குக் குறைவான யு.பி.ஐ. செலவுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவதை நிறுத்திவிட்டது. டீ, பஜ்ஜி, ஷேர் ஆட்டோ எதற்கும் மெசேஜ் வராது. மாதக் கடைசியில் “எங்கே போச்சுன்னே தெரியல” என்கிறோமே, அந்தப் பணம் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. கையால் எழுதினால் அது தப்பாது.

சட்டமும் மெல்ல நம் பக்கம் வருகிறது. ரிசர்வ் வங்கி 2016-இல் விதி வகுத்து, 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ‘அக்கவுண்ட் அக்ரிகேட்டர்’ ஏற்பாட்டில், எந்தத் தகவல், எதற்காக, எவ்வளவு காலம் என்று கேட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதலைத் திரும்பப் பெறவும் முடியும். ஆனால் ரிசர்வ் வங்கி, செபி போன்ற அமைப்புகளின் மேற்பார்வையில் உள்ள நிறுவனங்களே அதில் தகவல் பெற முடியும். என்னைப் போன்ற தனியாளுக்கு அந்தக் கதவு இல்லை. 2023-இன் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு.

சட்டம் முழுதாக வரும்வரை நான் காத்திருக்கவில்லை. என் ஆப்பின் முதல் திரையிலேயே வாடிக்கையாளர்களுக்கான பதிலைத் தமிழில் வைத்துவிட்டேன். மெசேஜ் படிக்கும் அனுமதி கேட்கமாட்டேன். இன்டர்நெட் அனுமதியே வாங்கவில்லை. ஆகவே உங்கள் கணக்கை நான் நினைத்தாலும் எடுக்க முடியாது. விலை ஒருமுறைதான். எப்போது வேண்டுமானாலும் கணக்கு முழுவதையும் எக்ஸெல்லில் திறக்கும் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். என் ஆப் இல்லாவிட்டாலும் அது திறக்கும். இதற்கு ஒரு விலை உண்டு, அதையும் அங்கேயே எழுதியிருக்கிறேன்: போன் தொலைந்தால், நீங்கள் நகல் எடுத்து வைத்திருந்தால்தான் கணக்கு மிஞ்சும். என்னால் மீட்டுத்தர முடியாது. கையால் எழுதச் சிரமம் என்று விலகுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பிடித்து வைக்க இந்த வாக்குறுதிகளில் எதையும் நான் மாற்றப்போவதில்லை.

என் ஆப்பை வாங்குங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. எந்தக் கணக்கு ஆப்பாக இருந்தாலும், போனில் ஏற்றுவதற்கு முன் ப்ளே ஸ்டோரில் அந்த ஆப் பற்றிய விவரப் பகுதியைத் திறந்து அடிவரை போய்ப் பாருங்கள்; அனுமதிகளின் பட்டியல் இருக்கும். எஸ்.எம்.எஸ்., தொடர்புகள், நெட்வொர்க் என்று எதெது இருக்கிறது என்று படியுங்கள். செய்தவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: என் கணக்கு எங்கே இருக்கும்? உங்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் நிறுத்தினால் என் கணக்கை நான் எப்படி எடுத்துக்கொள்வது? எழுத்தில் நேரான பதில் வந்தால் நம்பி வாங்குங்கள். வராவிட்டால், கடையில் ஒரு நோட்டு வாங்கி எழுதுங்கள். அதில் எழுதினாலும் கணக்கு கணக்குதான்.