வீட்டில் இன்னொரு விளையாட்டுக் கருவி தேவையா?



மக்ரிபுக்குப் பின் நடைபெறும் மதரஸா வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் பெற்றோர், ஓதலைப் பற்றி விசாரித்துவிட்டுத் தயக்கத்தோடு வேறொரு கேள்வியையும் கேட்பது அண்மைக்காலமாக வழக்கமாகிவிட்டது. "ஹஜ்ரத், பையன் பிளேஸ்டேஷன் கேட்கிறான். வாங்கிக் கொடுப்பது கூடுமா, கூடாதா?" வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று நாம் திருப்பிக் கேட்டால், சிலர் "இருக்கிறது, ஆனால் அது பழையது" என்கிறார்கள். அப்படியானால் அவர்களுடைய கேள்வி இன்னொன்றைப் பற்றியது. அதற்கு விடை காண, கூடும் கூடாது என்ற சட்டத்தோடு நின்றுவிட இயலாது.

சென்ற நோன்புப் பெருநாளுக்குப் பின் இதே கேள்வி நம் இல்லத்திற்கும் வந்தது. நம் மைத்துனர் சில ஆண்டுகளுக்கு முன் துபாயிலிருந்து விடுமுறையில் வந்தபோது பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 4 இன்றும் இயங்குகிறது. மூத்த மகனுக்கு 16 வயது, இளையவனுக்கு 11. மூத்தவன் பிளேஸ்டேஷன் 5 வேண்டுமென்றான். பிடிவாதம் பிடிக்கவில்லை, மூன்று காரணங்களை நிதானமாக எடுத்து வைத்தான். பழையது தம்பிக்கென்று ஆகிவிட்டால் வீட்டில் சண்டை ஓயும். பழைய டிஸ்க்குகளில் பெரும்பாலானவை புதியதிலும் ஓடும் என்பதால் எதுவும் வீணாகாது. மூன்று ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பெருநாள் காசு அவனிடம் 18,000 ரூபாய் இருக்கிறது. மீதியை வாப்பா தந்தால் போதும். இவற்றில் எதுவும் எளிதாகத் தள்ளிவிடக்கூடிய காரணமன்று.

விளையாட்டுக்கு மார்க்கத்தில் இடமுண்டு

பிள்ளைகளிடம் எடுத்த எடுப்பிலேயே ஹராம் என்று சொல்லி வாயை அடைப்பது நம் வழக்கமில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் தோழியரோடு பொம்மைகளை வைத்து விளையாடியதும், அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டிகளைக் கொண்டு விளையாடியபோது அன்னையவர்கள் ஆசை தீரும்வரை பார்ப்பதற்காக நபி (ஸல்) அவர்கள் தம்மால் மறைத்துக்கொண்டு நின்றதும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளன. அன்னையவர்களோடு நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் உள்ளது. ஓய்வுக்கும் மகிழ்ச்சிக்கும் மார்க்கம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

கதவு இருப்பது போலவே அதற்கு நிலையும் உண்டு. தொழுகையைத் தவறவிடச் செய்வது, ஆபாசம், சூது ஆகியவை அந்த நிலைக்கு வெளியே நிற்பவை. இவற்றுள் சூதைப் பற்றிப் பெற்றோர் அதிகம் அறிவதில்லை. சில கால்பந்து விளையாட்டுகளில் ஆட்டக்காரர்களின் அட்டைகள் அடங்கிய பொதிகளைப் பணம் கொடுத்து வாங்கலாம். உள்ளே யார் இருக்கிறார் என்பது திறந்த பின்னரே தெரியும். நல்ல ஆட்டக்காரர் வரவில்லையென்றால் மறுபடியும் பணம். பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் 2018-இல் இத்தகைய பொதிகளைச் சூதாட்டமென்றே தீர்மானித்தது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90-ஆம் வசனத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், அவர்கள் கையிலிருக்கும் கருவியில் வங்கி அட்டையின் எண்ணைப் பதிந்து வைக்கலாகாது. நம் இல்லத்தில் பதியவில்லை.

பணம் யாருடையது?

பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தபோது டிஸ்க் போடும் வகையின் விலை 49,990 ரூபாய். நாள் ஆக ஆக மின்னணுப் பொருள்கள் மலிவாகும் என்பார்கள். இதுவோ பின்னர் 54,990 ரூபாயாக உயர்ந்தது. புதிய விளையாட்டு ஒன்றுக்கு நான்காயிரம், ஐந்தாயிரம் ரூபாய் தனி. பெரும்பாலான விளையாட்டுகளை இணையத்தில் பிறரோடு சேர்ந்து ஆட வேண்டுமென்றால் சந்தாவும் செலுத்த வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் ஆட வேண்டுமென்றால் இரண்டாவது தொலைக்காட்சியும் தேவைப்படும். கடையில் சொல்லும் விலை செலவின் தொடக்கம் மட்டுமே.

மகனின் 18,000 ரூபாயைப் பற்றி முதலில் ஒரு தெளிவு வேண்டும். பெருநாள் காசு பிள்ளைக்கு வழங்கப்பட்ட அன்பளிப்பு. அது அவனுடைய சொத்து. அந்நிஸா அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் அநாதைகளைச் சோதித்து, பருவமடைந்த அவர்களிடம் விவேகத்தைக் கண்டால் அவர்களுடைய செல்வத்தை ஒப்படைத்துவிடுமாறு கட்டளையிடுகிறது. சொந்தச் சொத்தை நிர்வகிக்கும் தகுதிக்கான அளவுகோலை ஃபுகஹாக்கள் இவ்வசனத்திலிருந்தே எடுத்தார்கள். ஆகவே அந்தப் பணத்தைக் காட்டி, வாங்கக்கூடாது என்று உத்தரவிட நாம் விரும்பவில்லை. மீதியுள்ள 36,990 ரூபாய்தான் நம் பொறுப்பில் உள்ளது.

மதரஸா ஆசிரியரின் ஊதியத்தில் அத்தொகையை ஒரே தவணையில் எடுத்து வைப்பது எளிதன்று. கடைக்காரர் வட்டியில்லாத் தவணை உண்டு என்றார். அந்தச் சொல்லில் மயங்கிவிடக் கூடாது. வட்டியே இல்லாத தவணை என்பது நடைமுறையில் இல்லாத ஒன்று என இந்திய ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்கு எழுதியது. பொதுவாக இத்தகைய ஏற்பாட்டில் வங்கி வட்டி போடுகிறது. அதே அளவு தொகையை விற்பவர் விலையில் தள்ளுபடியாகக் குறைக்கிறார். வட்டியின் மீதான ஜிஎஸ்டி வாங்குபவர் கணக்கில் ஏறுகிறது. பிள்ளையின் மகிழ்ச்சிக்காக வட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு நம் கை வராது.

எஞ்சியிருந்த வழி, உம்ராவுக்கென்று நாமும் நம் இல்லத்தரசியும் மாதந்தோறும் சேர்த்துவரும் தொகை. அவர் சற்றும் தயங்காமல், "அதிலிருந்து எடுத்துக் கொடுங்கள், அல்லாஹ் நாடினால் அடுத்த வருடம் போய்க்கொள்ளலாம்" என்றார். தாய்மனம் அப்படித்தான் சொல்லும். ஆனால் இமாம் ஷாத்திபி (ரஹ்) போன்றோர் தேவைகளை இன்றியமையாதவை, வாழ்வை எளிதாக்குபவை, அழகுபடுத்துபவை என மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டியிருப்பது இத்தகைய வேளைக்காகத்தான். பிள்ளைகளுக்கு விளையாட்டு வேண்டும் என்பதை இரண்டாம் படியில் வைத்தாலும், இயங்கும் கருவி இருக்கையில் வரும் இன்னொன்றை மூன்றாம் படிக்கு மேல் ஏற்ற இயலாது.

இறைச்சி வாங்கிச் சென்ற ஜாபிர் (ரலி) அவர்களை வழியில் கண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஆசை தோன்றியதால் வாங்கினேன் என்ற விடையைக் கேட்டு, அண்டை வீட்டாருக்காகவும் உறவினருக்காகவும் வயிற்றைச் சற்றுச் சுருக்கிக்கொள்ள விருப்பமில்லையா என வினவிய செய்தி முவத்தாவில் இருக்கிறது. இறைச்சி ஹலால்; வாங்கிய பணமும் ஹலால். ஆயினும் உமர் (ரலி) அவர்கள் கேட்டார்கள்.

சண்டை ஓய்வது நல்லதா?

நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது மகன் கூறிய முதல் காரணம்தான். உண்மையில் சண்டை நடக்கிறது. அஸருக்குப் பின் யார் முதலில் என்பதில் தொடங்கி, தோற்றவன் எழுந்து இடம்விட வேண்டும் என்ற ஒப்பந்தத்தை மீறுவது வரை நாள்தோறும் வழக்கு வருகிறது. பக்கத்து வீட்டுப் பையனும் வந்துவிட்டால் வழக்கு மூன்று தரப்பாகிவிடும்.

ஆனால் அந்தக் கூடத்தில் வேறு என்னென்ன நடக்கின்றன என்பதையும் சில நாள்கள் கவனித்தோம். ஐந்து வயது இடைவெளியுள்ள அண்ணனும் தம்பியும் ஒரே பாயில் அமர்ந்து ஒருவரோடொருவர் பேசுவது பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். தம்பிக்கு ஆட்டம் பிடிபடாதபோது அண்ணன் சொல்லித் தருகிறான். விருந்தாளியாக வந்த பிள்ளைக்கு முதல் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கிறார்கள், முணுமுணுத்துக்கொண்டாவது. தமக்கே தேவை இருந்தும் பிறரை முற்படுத்திய அன்ஸாரிகளின் பண்பை அல்ஹஷ்ர் அத்தியாயத்திலிருந்து நாம் வகுப்பில் வாயால் நடத்துகிறோம். முறை வைத்துக் காத்திருக்கும்போது பிள்ளைகள் அதைக் கையால் பயில்கிறார்கள். இரண்டாவது கருவி வந்தால் சண்டை ஓயும். கூடவே இந்தப் பயிற்சியும் ஓயும். ஒருவன் மாடி அறையில் காதில் ஒலிவாங்கியோடு முகமறியாத யாரோ ஒருவருடன் பேசிக்கொண்டிருப்பான். மற்றவன் கீழே தனியே அமர்ந்திருப்பான். வீடு அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நாம் விரும்பவில்லை.

எடுத்த முடிவு

காரியங்களைக் கலந்தாலோசித்துச் செய்வோரை அல்லாஹ் புகழ்ந்து பேசும் அஷ்ஷூரா அத்தியாயத்தை நினைவில் கொண்டு, ஒரு வெள்ளி இரவு இஷாவுக்குப் பின் நால்வரும் அமர்ந்தோம். மேற்சொன்ன கணக்குகளையெல்லாம் மகனிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினோம். உம்மாவின் உம்ராப் பணத்தைப் பற்றி அறிந்ததும் அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, "அந்தக் காசு வேண்டாம் வாப்பா, ஆனால் எனக்கு அது வேண்டும்தான்" என்றான். ஆசை தீர்ந்துவிட்டதாக அவன் நடிக்காதது நமக்கு ஆறுதலளித்தது.

இறுதியில் இவ்வாறு முடிவாயிற்று. இன்னொரு கருவி வீட்டுக்கு வராது. அவனுடைய சொந்தப் பணம் முழு விலைக்கும் நிறைந்து, அப்போதும் ஆசை இருந்தால் வாங்கிக்கொள்ளலாம்; நாம் தடுக்கமாட்டோம். ஆனால் புதியது வரும் நாளில் பழையது வெளியேற வேண்டும்; இல்லாத வீட்டுப் பிள்ளை ஒருவருக்கு அது போய்ச் சேரும். புதியதும் கூடத்திலேயே இருக்கும். தம்பிக்கு அதிலும் முறை உண்டு. பணம் அவனுடையது, வீடு எல்லோருடையது. இதைக் கேட்டு அவன் முகம் மலரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்கிடையில் பழைய கருவியைப் பழுது நீக்குபவரிடம் கொடுத்தோம். உள்ளே அடைந்திருந்த தூசியைத் துடைத்ததும் விசிறியின் இரைச்சல் அடங்கியது. தொடாமலேயே ஆட்டக்காரரை ஒரு பக்கமாக ஓடவைத்த பழைய கைப்பிடிக்குப் பதிலாகப் புதியதொன்று வாங்கினோம். பாதிக் குறைகள் அத்துடன் தீர்ந்தன.

பெற்றோர்களே! பிள்ளை இன்னொன்று கேட்கும்போது கூடுமா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இருப்பது உண்மையிலேயே பயனற்றுப் போய்விட்டதா, பணம் எந்த வழியில் வருகிறது, வாங்கிய பின் பிள்ளைகள் நெருங்குவார்களா விலகுவார்களா என்பதையும் பிள்ளைகளோடு அமர்ந்து பேசுங்கள். மறுமையில் வாழ்நாளை எதில் கழித்தோம், செல்வத்தை எப்படி ஈட்டி எதில் செலவிட்டோம் என்ற கேள்விகளுக்கு விடை கூறாமல் பாதங்கள் நகரமாட்டா எனத் திர்மிதீயில் வந்துள்ளது. அந்தக் கேள்விகள் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நமக்கும்தான்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் செல்வத்திலும் நேரத்திலும் பரக்கத் செய்து, நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, நடுநிலையோடு செலவிடும் நல்லடியார்களில் நம்மையும் சேர்ப்பானாக! ஆமீன்.