கைவலிமையும் கால் நொடியும்

2011ஆம் ஆண்டு. டென்வர் நகரில், பிறர் பார்வை படாத ஒரு பயிற்சியிடத்தில் இரு நண்பர்கள் எதிரெதிரே நின்றனர். ஒருவர் கொலராடோ ராக்கீஸ் பேஸ்பால் அணியின் டாட் ஹெல்டன். மற்றவர் பெய்டன் மேனிங்; அமெரிக்கக் கால்பந்தில் ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதை அதற்குள் நான்கு முறை பெற்றிருந்த குவார்ட்டர்பேக். கழுத்து நரம்புக் கோளாற்றுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பின் மேனிங் எறிந்த முதல் பந்து, ஏறத்தாழ ஐந்து யார்டு சென்றதும் மூக்குக் குப்புறத் தரையில் விழுந்தது. நண்பர் வேடிக்கை செய்கிறார் என்றே ஹெல்டன் எண்ணினார். வேடிக்கையாக இருந்திருக்கக் கூடாதா என்னும் பொருள்படவே மேனிங்கின் மறுமொழி அமைந்தது. இவ்விருவரும் டென்னசி பல்கலைக்கழகத்தில் ஒரே அணியில் குவார்ட்டர்பேக்குகளாக இருந்தவர்கள் என்பதும், ஹெல்டன் காயமுற்ற பின்னரே அவ்விடத்திற்கு மேனிங் வந்தார் என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கவை.

பெயரில் கால்பந்து என்றிருப்பினும் அவ்வாட்டத்தின் உயிர்நாடி கைதான். ஏறத்தாழ 400 கிராம் எடையும் இருபுறமும் கூம்பிய வடிவமும் கொண்ட பந்தைக் குவார்ட்டர்பேக் எறிய, முன்னே ஓடும் தோழர் அதைப் பிடிக்க வேண்டும். ஆகவே, எறிபவரின் கைவலிமையை எவ்வாறு மதிப்பிடுவது என்ற வினா அங்கே தலைமுறை தலைமுறையாக ஆராயப்பட்டு வருகிறது. பலகோடி டாலர் ஒப்பந்தங்களும், இருபத்திரண்டு வயது இளைஞர்களின் வாழ்வும் அவ்வினாவிற்கான விடையைச் சார்ந்துள்ளன.

எளிய விடை தொலைவு. எவ்வளவு தூரம் எறிகிறாரோ அவ்வளவு வலிமை. காண்போரை மயக்கும் அளவுகோல் இது. 2007இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாமார்கஸ் ரஸ்ஸல், முழந்தாளிட்ட நிலையிலேயே 60 யார்டு எறிய வல்லவர் என்னும் செய்தி நாடெங்கும் பரவியது. அவ்வாண்டின் வீரர் தேர்வில் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணி அவரை அனைவருக்கும் முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது. மூன்று பருவங்களில் அவரது எறிதல்களால் கிட்டிய டச்டவுன்கள் 18. எதிரணியினர் இடைமறித்துப் பறித்த பந்துகள் 23. 2010இல் அணி அவரை விடுவித்தது. அதன்பின் அவர் அந்த லீக்கில் ஒரு முறைகூட ஆடவில்லை. ஆயினும் முழந்தாளிட்டு எறிந்த கதை மட்டும் இன்றும் வழங்கி வருகிறது; மனித உடலின் அரிய ஆற்றலைக் கண்டு வியப்பதில் பிழையும் இல்லை.

ஆட்டத்தின் போக்கில் 60 யார்டு எறிதல் அரிதாகவே தேவைப்படுகிறது. கைவலிமையைச் சோதிப்பது வேறொன்று. பார்வைக்கு மிகச் சாதாரணமானது. பந்தைப் பிடிப்பவர் 15 யார்டு முன்னோக்கி ஓடி, சட்டென வெளிப்புறம் திரும்பி, ஓரக் கோட்டருகே பந்தைப் பெறும் ஆட்டமுறை அது. கணக்கேட்டில் அது 15 யார்டு எறிதல். உண்மையில் எவ்வளவு? கல்லூரி ஆட்டத்தில் ஒருபுறத்து ஹேஷ் கோட்டிலிருந்து எதிர்ப்புற ஓரக் கோடு 100 அடி, அதாவது 33 யார்டு தள்ளி இருக்கிறது. குவார்ட்டர்பேக்கோ ஏழு யார்டு பின்வாங்கியே எறிகிறார். ஆக, 22 யார்டு நீளமும் 33 யார்டு அகலமும் கொண்ட செவ்வகத்தின் மூலைவிட்டத்தைப் பந்து கடக்க வேண்டும். பள்ளியில் கற்ற பித்தகோரஸ் தேற்றமே போதும்: ஏறத்தாழ 40 யார்டு. அதையும் உயரத் தூக்கி எறிய இயலாது. தாழ்வாக, நேராகச் செல்ல வேண்டும். கிரிக்கெட்டில் எல்லைக் கோட்டிலிருந்து விக்கெட் காப்பாளரின் கைக்குத் தட்டையாக வரும் எறிதலுக்கும், வானளாவ எழுந்து இறங்கி வரும் எறிதலுக்கும் உள்ள வேற்றுமையை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும்.

மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும் பந்து 40 யார்டைக் கடக்க 1.36 நொடி ஆகிறது. 50 மைல் வேகத்தில் 1.64 நொடி. காற்றுத் தடையையும் பாதையின் வளைவையும் விலக்கிய எளிய கணக்கு இது. வேறுபாடு கால் நொடிக்குச் சற்று மேல். நொடிக்கு எட்டு மீட்டர் ஓடும் தடுப்பாட்டக்காரர் அதற்குள் இரண்டு மீட்டர் நெருங்கிவிடுவார். பந்து தோழரின் கையில் சேர்வதையும் எதிரியின் கையில் சிக்குவதையும் தீர்மானிப்பது அந்த இரண்டு மீட்டரே.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. வலிய கை உடையவர் கால் நொடி தாமதமாக முடிவெடுக்கலாம். தோழர் திரும்பியதைக் கண்ணாரக் கண்ட பின் எறியலாம். அவ்வலிமை இல்லாதவர், தோழர் திரும்புவதற்கு முன்பே, இன்னும் வெற்றிடமாக உள்ள ஓரிடத்தை நம்பி எறிய வேண்டும். கைவலிமை என்று பேசப்படுவதில் பெரும்பகுதி, தாமதிப்பதற்கான இந்த உரிமையே.

இண்டியானபோலிஸில் ஆண்டுதோறும் நிகழும் கம்பைன் என்னும் திறன் தேர்வில் ரேடார் கருவி வேகத்தை அளக்கிறது. 2014இல் லோகன் தாமஸ் என்பவரின் எறிதல் 60 மைல் வேகம் காட்டியது. அவர் குவார்ட்டர்பேக்காக நிலைபெறவில்லை. பின்னாளில் பந்தைப் பிடிப்பவராக இடம் மாறினார். 2017இல் டெஷான் வாட்சனுக்குக் கிடைத்த எண் 49. அது பெருங்குறையாகப் பேசப்பட்டது. 2020 பருவத்தில் லீக்கிலேயே மிகுதியான எறிதல் யார்டுகளைக் குவித்தவர் அவரே. எனவே ரேடார் எண் வீண் என்று முடிவுகட்டத் தோன்றும். அதுவும் அவசரமே. 2018இல் 62 மைல் காட்டிய ஜாஷ் ஆலன், தம் முதற்பருவத்தில் நூற்றுக்கு 53 எறிதல்களையே தோழர் கையில் சேர்த்தார். இரண்டே ஆண்டுகளில் அது 69 ஆனது. கையை அளந்த கருவி, அக்கைக்குரியவர் எவ்வளவு கற்றுக்கொள்வார் என்பதை அளக்கவில்லை. அவர் படித்த வயோமிங் பல்கலைக்கழக மைதானம் 7,220 அடி உயரத்தில் உள்ளது என்பதும் கவனிக்கத் தக்கது. மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தொலைவு செல்லும். எனவே அங்கே கண்ட தொலைவை அப்படியே கைக்கு வரவு வைத்தல் பிழையாகும்.

அளக்க இயலாததை ஊகத்தால் நிரப்புவோரின் கையில் இத்தகைய மதிப்பீடு கொடுமையாகவும் மாறியிருக்கிறது. வாரன் மூன் 1978 ரோஸ் பௌல் ஆட்டத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை வெற்றிக்கு வழிநடத்தியவர். அவரது கை வலிமைமிக்கது. எனினும் அவ்வாண்டின் தேர்வில் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கறுப்பின இளைஞர்களுக்குக் கையும் காலும் உண்டு, களத்தை வாசிக்கும் அறிவு இல்லை என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலம் அது. வேறு நிலைக்கு மாறி ஆடுமாறு அவர்களை வற்புறுத்துவதும் வழக்கம். மூன் மாற மறுத்துக் கனடா சென்றார். எட்மன்டன் அணியுடன் ஐந்து கிரே கோப்பைகளை வென்று, 1984இல் ஹூஸ்டன் அணிக்குத் திரும்பினார். 2006இல் புகழ் மண்டபம் அவரை ஏற்றது. ஒருவரின் கையைப் புகழ்வது அவரது அறிவை மறுக்கும் வழியாகவும் அமையக்கூடும் என்பதை அந்த ஆறு ஆண்டுகள் காட்டுகின்றன.

மேனிங்கிற்கு நேர்ந்தது இதன் மறுதலை. அவரது அறிவை எவரும் ஐயுறவில்லை, கைதான் போய்விட்டது. 2011 பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த தம் பழைய பயிற்சியாளர் டேவிட் கட்கிளிஃபிடம் சென்று, எறியும் முறையை அடிப்படையிலிருந்து மீண்டும் பயின்றார். எறிதலின் விசை தோளில் பிறப்பதன்று. பாதம் தரையை உந்த, அது இடுப்பின் திருப்பமாகி, உடற்பகுதி வழியே தோளை அடைந்து விரல்நுனியில் வெளிப்படுகிறது. நரம்பு தளர்ந்த கைக்குக் காலும் இடுப்பும் ஈடு செய்ய வேண்டியிருந்தது. எஞ்சிய குறையை முன்கணிப்பு ஈடு செய்தது.

டென்வர் அணிக்காக 2013 பருவத்தில் அவர் எறிந்த டச்டவுன்கள் 55, யார்டுகள் 5,477. இரண்டும் அன்றைய லீக் சாதனைகள். தள்ளாடிப் பறக்கும் எறிதலை அமெரிக்க ஆட்டக்காரர்கள் 'வாத்து' என்பர். மேனிங் வாத்துகளை எறிபவர் என்று சியாட்டில் அணியின் ரிச்சர்ட் ஷெர்மன் கூறியபோது, மேனிங் அதை மறுக்கவில்லை. அந்த வாத்துகளால் யார்டுகளும் டச்டவுன்களும் கிடைத்தன என்று நகைச்சுவையுடன் ஒப்புக்கொண்டார். ஆனால் 2014 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் அதே சியாட்டில் 43–8 என வென்றது. தோல்வி முழுவதையும் கையின் மீது சுமத்துதல் முறையன்று. எனினும் அந்த அணியின் தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு மீட்டரைக் கடக்க எவருடைய அனுமதிக்கும் காத்திருப்பவர்கள் அல்லர்.

2015 நவம்பர் 15. கேன்சஸ் சிட்டிக்கு எதிரான ஆட்டம். மேனிங்கின் வயது 39. பாதத்தின் அடித்தசை நாரிலும் காயம். கைக்கு ஈடு செய்துவந்த காலும் கைவிட்ட நாள் அது. அன்று அவர் எறிந்த ஒரு சிறிய எறிதல், வாழ்நாள் எறிதல் யார்டுகளில் அதுவரை எவரும் எட்டாத இடத்திற்கு அவரைக் கொண்டுசென்றது. அரங்கம் எழுந்து கைதட்டியது. அன்றைய ஆட்டத்தில் அவர் எறிந்தவை 20. தோழர் கையில் சேர்ந்தவை 5. எதிரணி பறித்தவை 4. ஆட்டம் முடியும் முன்பே பயிற்சியாளர் அவரை வெளியே அமர்த்திவிட்டு, இளையவர் ஒருவரைக் களத்திற்கு அனுப்பினார்.