வட்டில் திரும்பும் குரல்

ராஜ்மகால் மலையில் பேசப்படும் மால்தோ, வடதிராவிடக் கிளையைச் சேர்ந்த மொழி. அங்கு எனக்குக் கதை சொன்ன மூதாட்டி இன்று இல்லை. அவருடைய காணொளிகள் ஆவணக் காப்பகத்தில் எம்பி4 கோப்புகளாக உள்ளன. குடும்பத்தாரிடம் இருப்பதோ பழைய டிவிடி கருவியும் தொலைக்காட்சியும். கோப்பை அப்படியே வட்டில் பதித்தால் அத்தகைய கருவிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே தரவிறக்கியவற்றை எம்பெக்-2 வடிவத்துக்கு, 720×576 அளவில், நொடிக்கு 25 சட்டகங்களாக மாற்றினேன். 4.7 ஜிபி வட்டில் ஏறத்தாழ 2 மணி நேரம் அடங்கும். மாற்றத்தில் படத்தின் நுண்மை குறைகிறது. ஆய்வுக்கு மூலக்கோப்பே சான்று. வீட்டாருக்கோ பாட்டியின் குரல் போதும். பெற்ற தரவை அவர்கள் வீட்டில் ஓடும் வடிவில் திருப்பித் தரும்வரை நம் களப்பணி நிறைவடைவதில்லை.