டெட்ராய்ட் அழியட்டும் என்று எங்களால் சொல்ல முடியவில்லை

போன மாதம் நாங்கள் ஒரு கார் வாங்கினோம். புதுக்கார் இல்லை, 2013 மாடல் ஃபோர்டு ஃபிகோ, டீசல், இரண்டு கை மாறி வந்தது. களப்பணிக்கு நாங்கள் நான்கு பேரும் இரண்டு பைக்கில் செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தோம். மழைக்காலத்தில் படிவங்களைப் பாலிதீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போன காலத்துக்கு ஒரு முடிவு கட்ட வேண்டியிருந்தது. "கம்பெனி இந்தியாவுல வண்டி செய்யறத நிறுத்திட்டதாலதான் மேடம் இந்த விலைக்கு வருது. மத்தபடி வண்டி தங்கம்" என்றார் புரோக்கர்.

வாங்கலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் எங்களுக்குள் வாக்குவாதம். எங்களுக்கு மூத்த தோழர் ஒருவர் இருக்கிறார், எதிலும் கருத்துச் சொல்லாமல் விடமாட்டார். "அமெரிக்கக் கார் கம்பெனிங்க எல்லாம் 2008லயே செத்திருக்க வேண்டியது. மக்கள் வரிப்பணத்தை ஊத்திப் பிழைக்க வெச்சாங்க. அந்தத் தொழிலே அழியட்டும்னு விட்டுடணும்மா. நீங்க என்னடான்னா அவன் வண்டியைப் போய் வாங்குறீங்க" என்றார்.

தோழர் சொன்னதில் ஒரு தகவல் பிழை. அரசுக் கடனில் பிழைத்தவை ஜெனரல் மோட்டார்ஸும் கிறைஸ்லரும்தான். ஃபோர்டு 2006லேயே தன் தொழிற்சாலைகளோடு அந்த நீல நிறச் சின்னத்தையும் சேர்த்து அடமானம் வைத்து, சுமார் 23 பில்லியன் டாலர் திரட்டி வைத்திருந்ததால் தப்பியது. அது கிடக்கட்டும். 'அழியட்டும்' என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

அவருடைய கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2008 நவம்பரில் மூன்று கம்பெனிகளின் தலைவர்களும் கடன் கேட்டு வாஷிங்டனுக்கு வந்தார்கள், ஆளுக்கொரு தனி விமானத்தில். ஊரே சிரித்த பிறகு அடுத்த மாதம் காரில் வந்தார்கள். எண்ணெயை நம்பிப் பெரிய வண்டி செய்யாதே என்று 1973ஆம் ஆண்டின் தட்டுப்பாடே சொல்லியிருந்தது. டொயோட்டாவும் ஹோண்டாவும் சின்ன வண்டிகளைக் கொண்டுவந்து இறக்கியபோதும் டெட்ராய்ட் திருந்தவில்லை. வெளிநாட்டுப் பிக்கப் டிரக்குகளுக்கு 1964லிருந்தே அங்கே 25 சதவீத இறக்குமதி வரி. ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக வந்ததால் இன்றும் அதற்குக் 'கோழி வரி' என்றுதான் பெயர். அந்த வரியின் நிழலில் டிரக்கும் எஸ்யூவியும் விற்று லாபம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2008இல் எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது, அடுத்து வங்கிக் கடனும் வற்றியது. மறுவருடம் ஏப்ரல் 30இல் கிறைஸ்லரும் ஜூன் 1இல் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் நீதிமன்றம் போயின. அரசு போட்ட சுமார் 80 பில்லியன் டாலரில் 9 பில்லியனுக்கு மேல் திரும்பி வரவே இல்லை.

ஆனால் அந்த நாட்களில் திட்டு வாங்கியது யார் தெரியுமா? தொழிலாளி. மணிக்கு 70 டாலர் வாங்கிக் கம்பெனியைக் கவிழ்த்துவிட்டான் என்றார்கள். அந்த 70இல் ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன், மருத்துவச் செலவு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குக் காட்டினார்கள். பழைய தொழிலாளியின் கூலி 28 டாலர் அளவில்தான் இருந்தது. 2007 ஒப்பந்தத்துக்குப் பிறகு சேர்ந்த புது ஆளுக்கு அதில் பாதி. ஒரே வரிசை, ஒரே வேலை, இரண்டு கூலி.

சமூகவியல் படித்தவர்கள் என்ற முறையில் இங்கே ஒன்றை வெட்கத்தோடு சொல்ல வேண்டும். 1914இல் ஹென்றி ஃபோர்டு நாளொன்றுக்கு 5 டாலர் கூலி அறிவித்ததை எல்லாப் பாடப்புத்தகமும் புகழும். அதில் ஏறக்குறையப் பாதி கூலி அல்ல, லாபப் பங்கு. அது வேண்டுமானால் நீ ஒழுங்கானவன் என்று கம்பெனி சான்று தர வேண்டும். அதற்காக ஃபோர்டு ஒரு துறையே வைத்தார். அதன் பெயர் சமூகவியல் துறை. அதன் ஆட்கள் தொழிலாளிகளின் வீடு வீடாகப் போய், குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறானா என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். நாங்களும் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புகிறவர்கள்தான். இதை முதலில் படித்தபோது எங்கள் படிவத்தில் இருக்கிற 'குடும்பத் தலைவருக்குக் குடிப்பழக்கம் உண்டா' என்ற கேள்வியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கேள்வி இன்னும் படிவத்தில் இருக்கிறது.

டெட்ராய்ட் கம்பெனிகளிலேயே கறுப்பினத்தவரை அதிகம் வேலைக்கு எடுத்தவர் ஃபோர்டுதான். அதை மறைக்கக் கூடாது. தென் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் தங்கள் தேவாலயப் பாதிரியாரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ரூஜ் ஆலையில் வேலையும் கிடைத்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்த இடம் இரும்பை உருக்கி வார்க்கும் உலைக்கூடம், புகையும் அனலும் அதிகமுள்ள பகுதி. ஆலை டியர்பார்ன் நகரில் இருந்தது. அந்த நகரில் கறுப்பினத்தவர் வேலை செய்யலாம், குடியிருக்க முடியாது. பலர் சில மைல் தள்ளி இங்க்ஸ்டரில் வீடு கட்டிக்கொண்டார்கள். ஊரில் வேலை, ஊருக்கு வெளியே வீடு. இதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சங்கம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற தோழர்களுக்கும் ஒரு தேதி சொல்ல வேண்டும். 1943 ஜூன். பேக்கர்ட் ஆலை அப்போது போர் விமான இன்ஜின் செய்துகொண்டிருந்தது. கறுப்பினத் தொழிலாளர் மூன்றே மூன்று பேருக்குப் பதவி உயர்வு கொடுத்து இன்ஜின் பூட்டும் வரிசைக்கு அனுப்பினார்கள். சுமார் 25,000 வெள்ளைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அதே மாதம் நகரில் இனக்கலவரம். இறந்த 34 பேரில் 25 பேர் கறுப்பினத்தவர். 1968இல் டாட்ஜ் மெயின் ஆலையின் கறுப்பினத் தொழிலாளர்கள் கிறைஸ்லரை எதிர்த்து மட்டுமல்ல, தங்கள் சங்கத் தலைமையையும் எதிர்த்துத் தனி அமைப்புக் கட்டினார்கள். காரணமில்லாமலா?

இவ்வளவு தெரிந்தும் ஏன் 'அழியட்டும்' என்று சொல்ல வரவில்லை? அந்த உலைக்கூடத்துக் கூலியில்தான் அவர்கள் வீடு வாங்கினார்கள், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். போராடிப் போராடி நல்ல இடங்களுக்கு வந்து சேர்ந்த நேரத்தில் ஆலைகள் புறநகருக்கும் வேறு மாநிலங்களுக்கும் நகரத் தொடங்கின. ஆட்குறைப்பு என்றால் கடைசியாக வந்தவன் முதலில் வெளியே. யார் கடைசியாக வரவிடப்பட்டார்கள் என்பது தெரிந்ததே. 1950இல் டெட்ராய்ட்டில் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள். 2010இல் 7.14 லட்சம், அவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கறுப்பினத்தவர். 2013 ஜூலையில் நகராட்சியே திவாலானபோது அதன் ஓய்வூதியர்களின் பென்ஷனில் கை வைத்தார்கள். ஒரு தொழில் சாகும்போது தனி விமானத்தில் வந்தவர்கள் சாவதில்லை.

இன்னொரு பக்கம், 'அமெரிக்கக் காரையே வாங்கு' என்ற தேசபக்தி. இதையும் நாங்கள் நம்பவில்லை. 1982இல் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலேண்ட் பார்க்கில் வின்சென்ட் சின் என்ற சீன அமெரிக்க இளைஞரை ஒரு கிறைஸ்லர் மேற்பார்வையாளரும் அவருடைய மனைவியின் மகனும் பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். நான்கு நாளில் அவர் இறந்துபோனார். உங்களால்தான் எங்களுக்கு வேலை போகிறது என்று அவர்கள் கத்தியதாக ஒரு சாட்சி சொன்னார். ஜப்பான் கார் மேல் இருந்த கோபம் ஒரு சீனர் மேல் இறங்கியது. தண்டனை: மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 3,000 டாலர் அபராதம். சிறை இல்லை.

அந்தத் தொழிலாளி வாங்குகிறவனாகக் கடைக்குப் போனால் என்ன நடக்கிறது என்பதை அயன் அயர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் சோதித்துப் பார்த்திருக்கிறார். சிகாகோ பகுதி கார் ஷோரூம்களுக்கு ஆட்களை அனுப்பினார். ஒத்த வயது, ஒத்த படிப்பு, ஒரே மாதிரி உடை, பேரம் பேச மனப்பாடம் செய்த ஒரே வசனம். நிறமும் பாலினமும் மட்டும் வேறு. 1995இல் வெளியான முடிவில், கறுப்பின ஆண்களுக்குச் சொல்லப்பட்ட கடைசி விலை வெள்ளை ஆண்களுக்குச் சொன்னதைவிடச் சராசரியாக ஆயிரம் டாலருக்கு மேல் அதிகம்.

கடனிலும் அதே கதை. அங்கே வங்கி ஒரு வட்டி சொல்லும். அதற்கு மேல் டீலர் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். யாருக்கு எவ்வளவு என்பதற்கு விதி கிடையாது. 2013 டிசம்பரில் ஆலி என்ற நிதி நிறுவனம் இந்த விவகாரத்தில் 98 மில்லியன் டாலர் கட்டச் சம்மதித்தது. கறுப்பின, லத்தீன், ஆசியக் கடன்தாரர்கள் சுமார் 2,35,000 பேரிடம் கூடுதல் வட்டி வாங்கப்பட்டது என்பது அரசின் குற்றச்சாட்டு. ஆலி யார் என்றால், ஜெனரல் மோட்டார்ஸின் பழைய கடன் பிரிவு. அரசுப் பணத்தில் பிழைத்ததில் அதுவும் ஒன்று.

எங்கள் ஃபிகோவுக்கும் கடன் தேவைப்பட்டது. முதலில் எங்களில் காலனியில் வீடு இருப்பவர் பெயரில் மனுப் போட்டோம். ஃபைனான்ஸ் கம்பெனிப் பையன் முகவரியைப் பார்த்தான். "மேடம், இந்த ஏரியா எங்க சிஸ்டத்துல நெகட்டிவ்ல காட்டுது. வேற அட்ரஸ் இருக்கா?" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டோம். தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டான். பிறகு டவுனில் வாடகைக்கு இருக்கும் எங்கள் தோழி பெயரில் போட்டோம். அவர் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே வேலை, ரூபாய் மாறாமல் ஒரே சம்பளம். நான்கு நாளில் கடன் வந்துவிட்டது. அயர்ஸ் செலவு செய்து நடத்திய சோதனையை நாங்கள் இலவசமாகச் செய்து முடித்தோம்.

1930களின் தொடக்கத்தில் கேடிலாக் கார்களைக் கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை என்பது கம்பெனியின் கொள்கையாக இருந்ததாம். பீட்டர் டிரக்கர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஆனால் சர்வீஸுக்கு வரும் வண்டிகளோடு கறுப்பின டாக்டர்களும் குத்துச்சண்டை வீரர்களும் வந்து நின்றார்கள். எப்படி? ஒரு வெள்ளைக்காரருக்குச் சில நூறு டாலர் கொடுத்து அவர் பெயரில் வாங்கியிருக்கிறார்கள். நிக்கலஸ் டிரைஸ்டாட் என்ற அதிகாரி இதைக் கவனித்து, அந்தக் கூடுதல் பணம் நமக்கே வரட்டுமே என்று நிர்வாகத்திடம் வாதாடி விற்க வைத்தார். விற்பனை ஏறியது. மனசாட்சி செய்யாததைக் கல்லாப்பெட்டி செய்தது.

எங்கள் தோழி காசு எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஆர்.சி. புக்கில் இருப்பது அவர் பெயர். முகவரி மறுக்கப்பட்டவர் அன்றைக்கு எதுவும் பேசவில்லை. முதல் நாள் வண்டியிலும் ஏறவில்லை. பைக்கில் பின்னால் வந்தார்.

இப்போது வண்டியை ஓட்டுகிறவன் அதே காலனித் தம்பி. மறைமலை நகர் ஆலையை மூடுவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. 2022இல் நிரந்தரத் தொழிலாளர்கள் நஷ்டஈட்டுக்காகப் போராடினார்கள், பேச்சுவார்த்தை நடந்தது. இவன் அந்தப் பக்கத்து உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தக்காரர் மூலமாகப் போனவன். 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று வாட்ஸப்பில் வந்தது, அவ்வளவுதான். அந்த ஆலையை ஏற்றுமதிக்காகத் திரும்பத் திறக்கும் விருப்பத்தை 2024 செப்டம்பரில் ஃபோர்டு தெரிவித்த அன்று இரவே எங்களுக்குப் போன் செய்தான். "அக்கா, ஆள் எடுப்பாங்களா?" அவனிடம் போய் 'அழியட்டும்' என்று தோழர் சொல்லட்டும்.

போன வாரம் ஒரு கூட்டத்துக்குப் போகும் வழியில் தோழரையும் ஏற்றிக்கொண்டோம். முன்சீட்டில் உட்கார்ந்து தாம்பரம் வரை அமெரிக்க ஏகாதிபத்தியம் பற்றிப் பேசினார். இறங்கும்போது ஏசி நன்றாக வருகிறது என்றார். கடன் இன்னும் 35 தவணை இருக்கிறது. அது முடிந்ததும் ஆர்.சி.யில் பெயர் மாற்ற வேண்டும். யார் பெயருக்கு என்பதை இப்போதே முடிவு செய்துவிட்டோம்.