மீட்டர் ஜீரோ காட்டியது

சில ஆண்டுகளுக்கு முன் ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய இரண்டு பேர் உயிரோடு திரும்பவில்லை. இருவரும் சேரியிலிருந்து போனவர்கள். உண்மையறியும் குழுவில் நானும் இருந்தேன். சூப்பர்வைசர் ஒரு மஞ்சள் மீட்டரை எடுத்து மேசை மேல் வைத்தார். "எறங்குறதுக்கு முன்னாடி செக் பண்ணோம் சார். ஜீரோதான் காட்டிச்சு. கேஸே இல்ல. அவங்க குடிச்சிருந்தாங்க."

அந்த ஜீரோவுக்கு எங்களிடம் பதில் இல்லை. சாதி பற்றிப் பேசத் தெரிந்த எங்களுக்கு மீட்டரைப் பற்றி எதுவும் தெரியாது. "நிர்வாகம் வாயுச் சோதனை செய்ததாகத் தெரிகிறது" என்று அறிக்கையில் எழுதினோம். அந்த வரியை எழுதியவன் நான்.

பிறகு, இத்தகைய கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கும் ஒரு தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "எந்தக் காத்துல ஜீரோ வெச்சாங்கண்ணா?"

எனக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். ஜீரோ எது என்று மீட்டருக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். சுத்தமான காற்றில் நின்று 'இதுதான் ஜீரோ' என்று பதிய வைக்க வேண்டும். தொட்டியின் வாயருகே நின்று பதிய வைத்தால், அங்கே இருக்கும் விஷத்தையே அது சுத்தக் காற்று என்று எடுத்துக்கொள்ளும். அடுத்து, அளவு தெரிந்த சோதனை வாயுவை சிலிண்டரிலிருந்து கொடுத்துப் பார்க்க வேண்டும். மீத்தேன் காற்றில் சுமார் 5 சதவீதம் கலந்தால் தீப்பற்றும். அந்த அளவைத்தான் மீட்டர் 100 என்று கணக்கிடுகிறது. ஆகவே 2.5 சதவீத மீத்தேனைக் காட்டினால் 50 என்று வர வேண்டும். வராவிட்டால் திருத்த வேண்டும். திருத்தியும் வராவிட்டால் சென்சாரை மாற்ற வேண்டும். இதுதான் கேலிபிரேஷன். இது போக, தினமும் வேலைக்கு முன் கொஞ்சம் சோதனை வாயுவைக் காட்டி, அலாரம் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏன் தினமும்? எரியும் வாயுவைக் கண்டுபிடிக்கும் சென்சாரில் பெரும்பாலும் ஒரு சூடான சிறு மணி இருக்கும். வாயு அதன் மேல் எரிந்து வெப்பம் ஏறுவதை வைத்துத்தான் அளவு சொல்கிறது. கந்தக வாயுக்கள் அந்த மணியை மழுங்கடிக்கும். சிலிகான் ஸ்ப்ரே பட்டாலும் கெட்டுவிடும். தொட்டிக்குள் ஆக்சிஜன் மிகவும் குறைந்தால் எரியவே எரியாது. சுத்தமான காற்றுக்கும் செத்துப்போன சென்சாருக்கும் மீட்டரில் வருவது ஒரே எண்தான்.

டேனரியில் கந்தகத்துக்குப் பஞ்சமா? தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். பிக்ளிங்கில் அமிலம் போடுகிறார்கள். இரண்டு கழிவும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். தேங்கிய சேறு தானாகவும் அதை உண்டாக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துவிடும். 'நாத்தம் போயிடுச்சு' என்று ஆள் இறங்குவது அப்போதுதான்.

எனக்குத் தூக்கம் கெட்டது இதற்குப் பிறகு அவன் சொன்னதைக் கேட்டுத்தான். ஹைட்ரஜன் சல்பைடு தீப்பற்ற 4 சதவீதம் வேண்டும், அதாவது பத்து லட்சத்தில் 40,000 பங்கு. எரிவாயு அலாரத்தைப் பொதுவாக அதில் பத்தில் ஒரு பங்கில் வைப்பார்கள். அதுவே 4,000. மனிதன் மயங்கி விழுந்து சில நிமிடங்களில் சாக 1,000 போதும். அதாவது, நன்றாக வேலை செய்யும் எரிவாயு சென்சார்கூட அலாரம் அடிப்பதற்கு முன்பே ஆள் செத்திருப்பான். அந்த எண் தொட்டி வெடிக்குமா என்று பார்க்கிறது. உள்ளே இறங்குகிறவன் பிழைப்பானா என்று பார்க்க ஹைட்ரஜன் சல்பைடுக்கும் ஆக்சிஜனுக்கும் தனித்தனி சென்சார் வேண்டும்.

இதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாததல்ல. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆவது பிரிவு, தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும் என்றது. இல்லையென்றால், சுவாசக் கருவியும் கயிறு கட்டிய பெல்ட்டும் போட்டுத்தான் இறக்க வேண்டும், கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்த 2013 சட்டத்தின் விதிகள், பாதுகாப்புச் சாதனங்களில் நான்கு வாயு மீட்டரையும் சேர்த்திருக்கின்றன. பாதாளச் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. 'டேனரி தொட்டி சாக்கடை இல்லை' என்று முதலாளி தரப்பு வாதாடும். அங்கேதான் 36ஆவது பிரிவு போன்றவை கைகொடுக்கும்.

கழிவு கொல்வது வாயுவால் மட்டுமல்ல. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இந்தப் பாலாற்றுக் கரையில் கழிவுக்குப் பக்கத்தில் நிறுத்தப்படுகிறவன் ஒன்று நம் சேரி ஆள், இல்லையென்றால் கேட்க நாதியில்லாத வெளிமாநிலத்து ஆள்.

தம்பிகளே, தங்கைகளே, நாளை நீங்களும் இப்படி ஒரு மேசை முன் உட்காருவீர்கள். மீட்டரைக் காட்டினால் இவற்றைக் கேளுங்கள். எந்தெந்த வாயுவுக்கு இதில் சென்சார் இருக்கிறது? கடைசி கேலிபிரேஷன் எந்தத் தேதியில், எந்த வாயுவில்? அன்று காலை சோதனை வாயு காட்டினீர்களா? தொட்டியின் அடிவரை குழாய் விட்டு அளந்தீர்களா, வாயோடு நிறுத்திவிட்டீர்களா? சான்றில் கையெழுத்து யாருடையது? எல்லாவற்றுக்கும் காகிதம் கேளுங்கள்.

அந்த அறிக்கையை இன்று எழுதினால் என் வரியை அடித்துவிட்டு இப்படி எழுதுவேன்: "நிர்வாகம் ஒரு மீட்டரைக் காட்டியது. அது வேலை செய்தது என்பதற்கு எந்த ஆதாரமும் காட்டவில்லை."